மழைக்குப் பிறகு வந்த குப்பையைப் பற்றி

கண்ணா,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். உங்கள் குழு ஆற்றங்கரையைச் சுத்தம் செய்த அன்று எடுத்தது ஒன்று, மழைக்குப் பிறகு அதே இடத்தில் எடுத்தது இன்னொன்று. புதரெல்லாம் கவர் தொங்குகிறது, நாணலுக்கு நடுவே மறுபடியும் பாட்டில்கள். கீழே "இனிமே எதுக்கும்மா போகணும்?" என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். போ. கட்டாயம் போ.

நீ எடுத்த குப்பை திரும்பி வரவில்லை, அதை முதலில் மனதில் வை. அது மூட்டையோடு போய்விட்டது, இனி எந்த மீன் வயிற்றுக்குள்ளும் போகாது. இப்போது வந்திருப்பது வேறு குப்பை. தெருவில் விழுந்தது மழைநீர் வடிகாலுக்குள் போகிறது, வடிகால் ஓடையில் சேர்கிறது, ஓடை ஆற்றில். பல இடங்களில் மழைநீர் வடிகாலுக்குச் சுத்திகரிப்பு என்று எதுவும் கிடையாது, விழுந்தது விழுந்தபடியே ஆற்றுக்கு வரும். வெயில் காலம் முழுக்கச் சாலையோரத்தில் சேர்ந்ததை முதல் பெரிய மழை ஒரே நாளில் கொண்டுவந்து தள்ளிவிடும், அப்புறம் தண்ணீர் வடியும்போது வளைவிலும் புதரிலும் மாட்டிக்கொள்ளும். நீ பார்த்தது அதைத்தான். அதனால் உங்கள் குழுவிடம் சொல்லிப் பார், எல்லோரையும் கூப்பிட்டுச் செய்யும் பெரிய வேலையை மழைக்காலம் தொடங்கும் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். கரை காய்ந்திருக்கும், குப்பை நனைந்து கனக்காது, ஆறு தூக்கிக்கொண்டு போவதற்குள் எடுத்துவிடலாம். மழை முடிந்து தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு சின்னதாக இன்னொரு சுற்று போதும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று இருக்கிறது. நீங்கள் எத்தனை மூட்டை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மூட்டைக்குள் என்ன இருந்தது என்று யாராவது எழுதினார்களா? 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் லிண்டா மரனிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் ஆட்களைத் திரட்டினார்கள். சுமார் 2,800 பேர் வந்து இரண்டு மணி நேரத்தில் 124 டன் குப்பையை எடுத்தார்கள். அவ்வளவு ஆட்கள் வந்ததே பெரிய விஷயம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்தது, எடுத்த ஒவ்வொன்றையும் வகை பிரித்து எழுதச் சொன்னார்களே, அதுதான். அங்கே ஆரம்பித்தது இன்று உலகம் முழுக்க வருடாவருடம் நடக்கிறது, தாளில் குறிக்கும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது.

எழுதினால் என்ன ஆகும் என்று கேட்பாய். ஐரோப்பாவின் கடற்கரைகளில் இப்படி எண்ணிப் பார்த்ததில், கிடந்தவற்றில் பாதி, ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் 2019-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியின் பிளாஸ்டிக் தண்டு எல்லாம் 2021 ஜூலையோடு அங்கே விற்பனையிலிருந்து போயின. அங்கே குடிக்கத் திறந்த பிறகும் மூடி பிளாஸ்டிக் பாட்டிலை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறதே, அதுவும் அந்தச் சட்டத்தால்தான், 2024 ஜூலை முதல். தனியாகக் கழன்ற மூடிகள் கரையில் அவ்வளவு கிடந்தன. குனிந்து குனிந்து மூடி பொறுக்கியவர்கள் தாளில் போட்ட கோடுகள் பாட்டில் செய்யும் ஆலை வரைக்கும் போயிருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் ஆற்றுக்கும் இது பொருந்தும். பஞ்சுக்குச்சித் தண்டு நிறையக் கிடைத்தால் மேலே எங்கோ கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அது கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிற பொருள். படிக்கட்டுப் பக்கம் மட்டும் குடித்த பாட்டில்கள் குவிந்தால் அங்கே மூடியோடு ஒரு குப்பைத்தொட்டி வேண்டும். தூண்டில் நரம்பு ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்தால் அங்கே மீன் பிடிக்க வருகிறவர்களிடம் நேரில் பேசலாம், அவர்களும் ஆற்றை நேசிக்கிறவர்கள்தான். ஒருவர் கையில் அட்டையும் பென்சிலும் கொடுத்து அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் முழங்கால் வலியால் கரையில் இறங்க முடியாத ஒரு பெரியவர்தான் எழுதுகிறார், அவர் கணக்கை வைத்துத்தான் நாங்கள் யாரிடமும் பேசவே போகிறோம். இடத்தையும் மாற்றாதீர்கள். ஆறு முழுவதையும் தொட்டுவிட ஆசை வரும், ஆனால் ஒரே துண்டுக் கரைக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் எது குறைகிறது, எது குறையவில்லை என்று தெரியும்.

படத்தில் டயர், உடைந்த நாற்காலி எல்லாம் முன்னால் வைத்திருந்தீர்கள். சரி, அதையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சின்னதுதான் மோசம். தெர்மாகோலை முழுதாக இருக்கும்போதே எடுத்துவிடு, வெயிலில் நொறுங்கி மணிமணியாக மண்ணில் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பொறுக்க முடியாது. சிகரெட் நுனியில் இருப்பதைப் பஞ்சு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான், உள்ளே தங்கிய நிகோட்டினோடு தண்ணீரில் ஊறும். தூண்டில் நரம்பை ஒரு முழம்கூட விடாதே, பறவையின் காலில் சுற்றினால் காலையே அறுத்துவிடும்.

எதை விடவேண்டும் என்பதும் தெரிந்திருக்கணும். சருகு, ஒதுங்கிய மரக்கட்டை, நாணல் எல்லாம் குப்பை இல்லை, அதில்தான் பூச்சியும் தவளையும் இருக்கின்றன. சுத்தமாகத் தெரியவேண்டும் என்று சிலர் அதையும் வாரிவிடுவார்கள், தடுத்துவிடு. பறவைகள் முட்டையிடும் காலத்தில் நாணலுக்குள் நுழையவே வேண்டாம். பாட்டிலைச் சாக்கில் போடும் முன் உள்ளே ஒரு பார்வை பார், சின்ன உயிர்கள் வழுக்கி விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். வேருக்குள் பாதி புதைந்த கவரை இழுக்காதே, கரை மண்ணும் சேர்ந்து வரும். வெளியே இருப்பதை மட்டும் கத்தரித்து எடு.

இனி அம்மாவாகச் சொல்கிறேன். கையில் கீறல் இருந்தால் அன்று தண்ணீரில் இறங்காதே. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் ஈர மண்ணாலும் எலிக்காய்ச்சல் வரும், கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி என்று எது வந்தாலும் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்துவிடாமல் மருத்துவரிடம் போ, ஆற்றில் வேலை செய்தேன் என்று நீயாகச் சொல். அவருக்கு அது தெரிந்தால்தான் அந்தப் பக்கம் யோசிப்பார். மெல்லிய கையுறை போதாது, தடித்தது வேண்டும், செருப்பில் போகவே கூடாது. சிரிஞ்சு கிடந்தால் கையால் தொடாதே, இடுக்கியால் எடுத்துக் கெட்டியான டப்பாவில் போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரியாத கேனைத் திறக்காதே, இடத்தைக் குறித்துக்கொண்டு உள்ளாட்சிக்குச் சொல்லிவிடு. நிரப்பிய மூட்டையைக் கரையோரம் விட்டுவிட்டு வராதீர்கள், இரவு மழை வந்தால் எல்லாம் திரும்ப ஆற்றுக்குத்தான். வண்டி எப்போது வரும் என்று உறுதியான பிறகே வேலையை ஆரம்பியுங்கள்.

உன் படத்தில் பின்னால் ஒரு தடுப்பணை தெரிகிறது. பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் அதன் கீழே தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுழலும், நல்ல நீச்சல்காரனையும் விடாது. எத்தனை பாட்டில் அங்கே மிதந்தாலும் மிதக்கட்டும், யாரையும் இறங்க விடாதே. மேலே அணை இருந்தால் அன்று தண்ணீர் திறக்கிறார்களா என்று காலையிலேயே விசாரித்துவிடு.

அடுத்த தேதி முடிவானதும் சொல். எண்ணிக்கைத் தாளைப் படம் எடுத்து அனுப்பு, எங்கள் தாளோடு வைத்துப் பார்க்கிறேன். கடைசியாக டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி எப்போது போட்டாய்? பத்து வருடம் ஆகியிருந்தால் போவதற்கு முன்பே போட்டுக்கொள், போட்டதும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா