நாற்காலியை எடுத்து வந்த செவிலியருக்கு

ஐப்பசி மழையில் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்து, நாகர்கோவிலில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, இளவயதில் கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் கற்று 67 வயது வரை விடாமல் செய்துவந்த யோகாசனம் இனிக் கைகூடாதோ என்ற கவலை எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

என் புலம்பல் இரவுப் பணியில் இருந்த உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும், மகளே. விடிந்து பணி முடிந்த பின்னும் வீட்டுக்குப் போகாமல், மருத்துவரிடம் அனுமதி பெற்று, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி ஒன்றைக் கட்டிலருகே கொண்டுவந்து போட்டீர்கள். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்காமலும், காலைக் குறுக்கே போடாமலும், உட்கார்ந்தபடியே மூச்சுப் பயிற்சி செய்யவும் கைகளை உயர்த்தவும் பொறுமையாகக் கற்றுத் தந்தீர்கள். கணுக்காலை அசைப்பது காலில் இரத்தம் உறையாமல் காக்க உதவும் என்றீர்கள். நாற்காலியையும் கட்டையையும் கயிற்றையும் ஆசனத்துக்குத் துணையாக்கியவர் யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரும் தெம்பு.

இப்போது சுவரைப் பிடித்து, நிமிர்ந்து நிற்கும் தாடாசனத்தில் நிற்கிறேன். பத்மாசனத்தை விட்டுவிட்டேன், அதில் வருத்தமில்லை. நான் வீடு திரும்பிய நாளில் நீங்கள் விடுப்பில் இருந்ததால் நேரில் சொல்ல இயலாத நன்றி இது. மார்த்தாண்டம் பக்கத்து அன்பர்கள் யாரேனும் இதை அந்தச் செவிலியரிடம் சேர்ப்பித்தால் மகிழ்வேன்.