வேட்டியை நீ பார், நிழலை நான் பார்க்கிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய முகூர்த்தப் படங்களை நேற்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். ஆனால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி பாதிப் படங்களில் பர்ன் ஆகிக் கிடக்கிறது. மடிப்பும் தெரியவில்லை, ஜரிகையும் தெரியவில்லை. வீடியோக்காரரின் லைட் நேராக அடித்திருக்கும்.

படம் திருத்தும் லைட்ரூமில் ஹைலைட்டை, அதாவது அதிக வெளிச்சமான பகுதியை, குறைத்துப் பார்த்தேன். வெள்ளை மங்கியதே தவிர மடிப்பு வரவில்லை. கேமராவில் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் ஓரிடம் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் விழும் வெளிச்சம் பதிவாவதே இல்லை. பதிவாகாததை எந்த சாஃப்ட்வேர் எடுத்துத் தரும்? நிழல் அப்படியில்லை. இருட்டாகத் தெரிகிற இடத்திலும் ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW ஃபைலில்) விவரம் இருக்கும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) குறைவாக இருந்தால் இரண்டு ஸ்டாப் ஏற்றினாலும் பெரிதாகக் கெடாது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 14 பிட் ராவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 படிகள், கேமரா சுருக்கித் தரும் ஜேபெக்கில் (JPEG) வெறும் 256. ஜேபெக்கில் நிழலை ஏற்றினால் திட்டுத் திட்டாக நிற்பது அதனால்தான்.

அதனால் வெள்ளையை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை, முடிவு செய். ஹைலைட் வார்னிங்கைப் போட்டு வை, பர்ன் ஆன இடம் கேமரா திரையில் மினுக்கும். வேட்டி மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்துப் பார். அது ஜேபெக்கைப் பார்த்துச் சொல்லும் எச்சரிக்கை, ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பதறாதே. ஹோம நெருப்பும் சீரியல் பல்பும் மினுக்கினால் விட்டுவிடு. நெருப்பின் நடுவே ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று எந்தப் பெண் வீட்டாரும் கேட்டதில்லை.

அப்புறம், நிக்கான் கேமராவில் இருக்கும் ஆக்டிவ் டி-லைட்டிங் போடலாமா என்று கேட்டிருந்தாய். மண்டபத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் எடுக்கிறாய் என்றால் தாராளமாகப் போடு, எனக்கும் வேலை மிச்சம். ராவுக்கு வேண்டாம். அதைப் போட்டால் கேமரா எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுத்துவிட்டு, நிழலைத் தானே ஏற்றிக்கொள்ளும். நான் லைட்ரூமில் ராவைத் திறக்கும்போது அந்த ஏற்றம் கூடவே வருவதில்லை. இருண்ட படம் மட்டும்தான் வந்து சேர்கிறது.

நிழல் என் பாடு என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிவிட மாட்டேன். மாப்பிள்ளை நல்ல கறுப்பு. முகத்தை ஏற்றிக்கொண்டே போனால் மூக்கோர நிழல் போய், சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள்" என்று அவர்கள் கேட்டாலும் ஓரளவோடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்த முறை கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்துப் பார். முகத்துக்கும் வேட்டிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே பாதி குறையும். வீடியோக்காரரிடம் லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லவும் கூச்சப்படாதே.

ரிசப்ஷன் படங்களுக்கு ஜேபெக் மட்டும்தான் வந்திருக்கிறது. ராவையும் அனுப்பு, வெள்ளிக்கிழமை ஆல்பம் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா