திருப்பணிக் கூட்டத்தில் ஊராருக்கும் ஓர் இடம்: கொங்கு நாட்டுக் கோயில் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

கொங்கு நாட்டுத் திருக்கோயில்களின் அறங்காவலர்கள், செயல் அலுவலர்கள், திருப்பணிக் குழுவினர், சிவாச்சாரியார்கள், ஸ்தபதிகள், தொல்லியல் அறிஞர்கள் ஆகிய பெரியோர்களுக்கு,

வணக்கம்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தும் மரபினால், நம் பகுதியில் எந்த ஆண்டிலும் ஏதேனும் சில கோயில்களில் சாரம் கட்டப்பட்டிருக்கிறது. மூலவரின் ஆற்றலைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்து, கோபுரச் சுதைகளைப் புதுப்பித்து, சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் எண்வகை மருந்து சாத்தி, வேள்விச்சாலை எழுப்பி நடைபெறும் இப்பெரும் பணியில் ஊர் மக்களுக்கு இன்று இரண்டு வேலைகள் மட்டுமே தரப்படுகின்றன. நன்கொடை கொடுப்பது ஒன்று. குடமுழுக்கு நாளில் தடுப்புக் கம்பிகளுக்கு அப்பால் நின்று, கலசத்து நீர் தம்மீதும் தெளிக்கப்படுமா என்று அண்ணாந்து பார்ப்பது மற்றொன்று. எது இடிக்கப்படுகிறது, எது புதிதாக எழுகிறது, அதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், "அது ஆகம விஷயம்" என்றோ "அதை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார்" என்றோ சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். துறைக் கல்வி இல்லாத பக்தர்களுக்குக் கோயில் காரியத்தில் உரிய இடம் எது என்பதைப் பற்றி, பல ஆண்டுகளாக உழவாரப் பணி, அதாவது கோயிலைத் துப்புரவு செய்யும் தொண்டு, செய்துவரும் ஒருவர் என்ற முறையில் தங்கள் முன் சில கருத்துகளை வைக்க விரும்புகிறேன்.

கற்றவர்களின் வேலையை எங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. சிறு வயதிலேயே பாடசாலையில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஓதிப் பழகிய சிவாச்சாரியாரின் முத்திரைகளையும், கல்லைத் தட்டி அதன் ஓசையிலிருந்தே உட்பிளவை அறியும் ஸ்தபதியின் செவியையும், தேய்ந்துபோன எழுத்தைத் தாளில் மை ஒற்றி மைப்படி எடுத்துப் படிக்கும் கல்வெட்டறிஞரின் கண்ணையும் வெறும் ஆர்வத்தால் யாரும் பெற்றுவிட முடியாது. பக்தியின் பெயரால் நாங்கள் செய்யும் கேடுகளும் எனக்குத் தெரியும். பளபளப்பு வேண்டும் என்று உபயதாரர்கள் வற்புறுத்தியதால் பழைய பாவுகற்கள் பெயர்க்கப்பட்டு கிரானைட் பதிக்கப்பட்டிருக்கிறது. சுதைச் சிற்பங்கள்மீது எனாமல் பூசப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் அப்பப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும் என்பதும், சிமெண்ட் அதை உள்ளேயே தேக்கி உப்புப் பூக்கச் செய்யும் என்பதும் பணம் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மணல் வீச்சு முறையில் கல்லைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டுகளே மழுங்கிப்போன கோயில்கள் உண்டு. அம்முறை தடை செய்யப்பட்டதற்கு அறிஞர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்தக் கேடுகள் எல்லாம் எங்களுக்குக் காரணம் சொல்லப்படாத இடங்களில் நிகழ்ந்தவை. கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து இழுத்தால் உள்ளே ஓடியிருக்கும் வேரோடு சுதையும் செங்கல்லும் சேர்ந்து பெயர்ந்துவிடும். வெட்டிவிட்டு, வேருக்கு மருந்திட்டு, அது பட்டுப்போன பிறகே அப்புறப்படுத்த வேண்டும். தொல்லியல் அறிந்த ஒருவர் எங்கள் உழவாரக் குழுவினரைச் சுவரருகே நிறுத்தி இதைத் தமிழில் எளிமையாக விளக்கிய நாள் முதல், குழுவுக்குப் புதிதாக வரும் கல்லூரி மாணவர்கூட இதை மீறுவதில்லை. அவர் கட்டளையாக மட்டும் சொல்லிச் சென்றிருந்தால் அடுத்த மாதமே மறந்திருப்போம்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரக் கோயில் ஒன்றில் திருச்சுற்றுத் தரையைப் புதுப்பிக்கப் பழைய கற்களைப் பெயர்த்து அடுக்கியிருந்தார்கள். அவற்றுள் ஒரு கல்லின் அடிப்பக்கத்தில் எழுத்துகள் இருப்பதை முதலில் பார்த்துச் சொன்னவர், கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மையார். மேற்பார்வையாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உனக்கு எழுத்தைப் பற்றி என்னம்மா தெரியும்" என்று கேட்டார். அம்மையாருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் அது எழுத்து என்று தெரிந்திருந்தது. கல்வெட்டுத் துறையில் பயின்ற ஒருவருக்குச் செய்தி போய் அவர் வந்து சேர்வதற்குள் அந்தக் கல் உடைக்கப்பட்டு அடித்தளத்துக்குள் போய்விட்டது. அதில் யார் கொடுத்த நிலமோ, எந்த ஊரார் ஏற்றிய விளக்கோ, இனி யாரும் அறிய வழியில்லை.

கொங்கு நாட்டின் கற்களே துறை வல்லாரையும் பொதுமக்களையும் இப்படிப் பிரித்து வைப்பதற்கு இடம் தருவதில்லை. கரூர் அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் சமணத் துறவியருக்குக் கற்படுக்கை அமைத்த செய்தியைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே சேர அரச குடும்பத்தார் யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த துறவிக்குச் செய்த கொடையும் இருக்கிறது. கருவூரைச் சேர்ந்த நத்தி என்னும் பொன்வணிகரின் பெயரும் இருக்கிறது. அந்த எழுத்துகளைப் படித்துச் சேர மன்னர் வரிசையைத் தெளிவாக்கிய ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். கல்வெட்டு அவருக்குப் பிழைப்புத் தொழிலாக இருக்கவில்லை. ஈரோட்டுக்குத் தெற்கே அறச்சலூரில் ஆடலுக்கும் இசைக்கும் உரிய எழுத்துகளை நிரல்படப் பொறித்த கல்வெட்டு ஒன்றைப் புலவர் செ. இராசு வெளிக்கொணர்ந்தார். அவ்வெழுத்துகளைச் சேர்த்தவராக அதில் குறிக்கப்படுபவர் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன், அதாவது மணியும் காசும் தரம் பார்க்கும் தொழிலுக்கு உரியவர். இசைக்கு அவர் யார் என்று அன்று யாரேனும் கேட்டுத் தடுத்திருந்தால் நமக்கு அந்தக் கல்வெட்டே கிடைத்திருக்காது.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள மற்றொரு கல்வெட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வெளிவந்த அரசாணை அது. தங்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது காலுக்குச் செருப்பு அணியவும், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் கம்மாளர்களுக்கு அது உரிமை வழங்குகிறது. கல்லையும் உலோகத்தையும் மரத்தையும் ஆண்ட தொழில் வல்லார், கோயில் கட்டும் கலை முழுவதையும் கையில் வைத்திருந்தவர்கள், சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசனின் ஆணையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. யாருடைய அறிவை அறிவு என்று ஏற்பது என்பதை அறிவு மட்டும் தீர்மானிக்கவில்லை, பிறப்பும் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது. ஆகையால் இன்று "தெரியாதவர்கள் ஒதுங்கி நில்லுங்கள்" என்று சொல்லப்படும்போது, அச்சொல்லின் பின்னே எவ்வளவு கல்வி இருக்கிறது, எவ்வளவு பழைய வழக்கம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மக்களின் இடத்தை மதித்த வழக்கங்களும் நம்மிடமே இருக்கின்றன. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதத்து நாற்று நடவு விழாவில், சுந்தரர் தேடி வந்தபோது இறைவனும் இறைவியும் வயலில் இறங்கி நாற்று நட்டார்கள் என்ற கதையை உழவர் குடியினரே முன்னின்று நிகழ்த்துகிறார்கள். காங்கேயம் அருகே சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. முருகன் கனவில் வந்து ஒரு பொருளைக் குறிப்பிட்டதாக எந்தப் பக்தர் வந்து சொன்னாலும், அவருடைய சாதியையோ படிப்பையோ பார்க்காமல், சுவாமி முன் பூ வைத்து உத்தரவு கேட்கிறார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படுகிறது. அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே அங்கே இருக்கிறது. கனவைச் சொல்லும் உரிமை பக்தருக்கு, அதைச் சோதிக்கும் முறை கோயிலுக்கு. சொன்னவரை விரட்டுவதும் இல்லை, சொன்னதை அப்படியே ஏற்பதும் இல்லை. பாலாலயத்துக்கு முன் ஊராரின் சொல்லுக்கும் இத்தகைய ஒரு முறையை ஏற்படுத்த முடியாதா?

கிராமக் கோயில்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இழப்பு அங்கேதான் மிகுதியாக நடக்கிறது. குலத்தாருக்கு உரிமையான காணிக் கோயில்களும் குலதெய்வக் கோயில்களும் கடந்த சில பத்தாண்டுகளில் வேகமாகப் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. குயவர் வனைந்த மண்குதிரைகள் இருந்த இடத்தில் சிமெண்ட் குதிரைகள் வந்துவிட்டன. வீரக்கல் ஒன்று வேலியோரம் சாய்த்து வைக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்த பண்டாரமோ பூசாரியோ குடமுழுக்கு அன்று மேடைக்குக் கீழே நிற்கிறார். கம்பம் நட்டு, தீச்சட்டியான பூவோடு எடுத்து, உடுக்கைப் பாட்டு கேட்டு வளர்ந்த வழிபாட்டுக்குள், அதுவரை இல்லாத விதிகள் "இதுதான் முறை" என்று புகுத்தப்படுகின்றன. கொங்கு வேளாளர் திருமணச் சீர்களை அவர்களுள் ஒருவரான அருமைக்காரர்தாம் நடத்துகிறார், மங்கல வாழ்த்தை நாவிதர்தாம் பாடுகிறார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அருமைக்காரர் ஆவதற்கும் அதற்குரிய சடங்கைத் தாமே செய்துகொண்டிருக்க வேண்டும்; எல்லோரும் அந்த இடத்தில் நின்றுவிட முடியாது. சான்றிதழ் இல்லாத இடத்திலும் பயிற்சியும் கட்டுப்பாடும் இருக்கின்றன. ஒரு பூசாரிக்குத் தெரிந்த முறையை எழுதி வைக்காமலேயே மாற்றிவிட்டால், நூலகத்தில் தேடி அதை மீட்க வழியில்லை. அதே வேளையில், இந்தக் கோயில்களில் பலவற்றில் பறையடிக்க அழைக்கப்பட்டவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் நம் மரபின் பகுதியே. ஊராரைக் கேளுங்கள் என்று நான் சொல்வதன் பொருள் ஊர்ப் பெரியவர் நால்வரைக் கேளுங்கள் என்பதன்று.

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அறங்காவலர் குழுவில் மூவர் முதல் ஐவர் வரை இருக்கலாம் என்றும், அவர்களுள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரும் ஒரு பெண்மணியும் இடம்பெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்த இருவரும் கையொப்பமிடுவதோடு நின்றுவிடாமல், மதிப்பீடு தயாராகும்போதே கேள்வி கேட்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலுக்கும் குடமுழுக்கு நடந்தபோது, தமிழ்த் திருமுறையும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக மக்கள் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. பேரூர் ஆதீனமும் சிரவை ஆதீனமும் பல பத்தாண்டுகளாகத் தமிழில் குடமுழுக்கு நடத்திக் காட்டியுள்ள நாட்டில், ஊராரோடு முன்கூட்டி அமர்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கக் கூடிய காரியம் அது.

ஆகவே, பாலாலயத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், திருப்பணித் திட்டத்தை முழுமையாகத் தமிழில் எழுதிக் கோயில் மண்டபத்தில் வாசிக்க வேண்டுகிறேன். வல்லுநர் குழு எதற்கு ஒப்புதல் அளித்தது, எதை மறுத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஸ்தபதியும் தொல்லியல் அறிஞரும் சிவாச்சாரியாரும் அன்று அங்கே அமர்ந்து, கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். மழைநீர் எந்த மடை வழியாகத் தெப்பக்குளத்துக்குப் போகும், எந்தத் தூணடியில் முன்பு எழுத்து இருந்தது, எந்தச் சந்நிதியில் யார் எந்த நாளில் விளக்கு ஏற்றுவார்கள் என்பவற்றை ஊராரும் அங்கே சொல்வார்கள். ஏற்க இயலாத கருத்தை ஏற்க வேண்டியதில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை இரண்டு வரியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். வேலை நடக்கும் நாள்களில் பெயர்க்கப்படும் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்துப் படம் எடுக்க உழவாரக் குழுவினர் கூலியின்றி வரத் தயாராக இருக்கிறோம். எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் எங்களுக்குக் கற்பித்துவிடுங்கள்.

அந்தக் கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைக்க வேண்டாம். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போகிறவர்கள் அந்நேரத்தில் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை, விளக்கு வைத்த பிறகு வைத்து, ஒரு வாரத்துக்கு முன்பே எல்லாத் தெருக்களிலும், கோயிலுக்குள் விடப்படாதிருந்தவர்களின் தெருக்களிலும், ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுங்கள். பெண்கள் முன்வரிசையில் அமர இடம் ஒதுக்குங்கள். பூக்கட்டும் அம்மையாரைக் கூட்டிவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உழவாரத் தொண்டர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.