சுவரோவியத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைக்கு அருகே இடிக்கப்படவிருக்கும் பழைய பொதுக் கட்டடமொன்றின் உட்சுவரில், காவியும் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று இன்றும் மங்காமல் இருக்கிறது. (அதன் நடுவே ஆணி அடித்து நாட்காட்டி மாட்டியவர்களை இனி நொந்து பயனில்லை.) சுவரோடு அதுவும் போக வேண்டியதுதான் என்று சம்பந்தப்பட்டவர்கள் கைவிரிப்பது முறையன்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்களின் மேல் தீட்டப்பட்டிருந்த நாயக்கர் கால ஓவியங்களை, இந்தியத் தொல்லியல் துறையினர் சிதையாமல் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காட்சிக்கு வைத்தார்கள். ஓவியத்தின் முகப்பில் மெல்லிய துணியைப் பசையிட்டு ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சைப் பின்புறமிருந்து சிறிது சிறிதாக விடுவித்து, புதிய தளத்தில் பொருத்திய பின் துணியை நீக்குவது இதில் பின்பற்றப்படும் வழிகளுள் ஒன்று. பயிற்சி பெற்றவர்களே செய்யத்தக்க வேலை. கொத்தனாரிடம் ஒப்படைக்கக் கூடாது.

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை ஓவியங்களைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. ஊர்ப்புறத்துச் சுவர்களுக்கு அத்தகைய காவல் இல்லை. இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், கூரை பிரிக்கப்பட்ட சுவரில் ஈரம் இறங்கினால் உப்புப் பூத்து வண்ணம் உதிர்ந்துவிடும். எனவே, கூரையில் கைவைப்பதற்கு முன்பே ஓவியத்தை முழுமையாகப் படமெடுத்து, அளந்து, பெயர்த்து, கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.