வெள்ளிக் களிமண்: விளம்பரம் சொல்லாதவை

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளிக் களிமண் நகைப் பயிற்சிக்கு விளம்பரம் செய்பவர்கள் சூளையில் நகை சுருங்குவதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நுண்ணிய வெள்ளித்தூளைப் பசையும் நீரும் சேர்த்துப் பிசைந்த பொருளே வெள்ளிக் களிமண். 1990களில் ஜப்பானிலிருந்து வந்தது. சூளையில் பசை எரிந்துபோக, துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி நெருங்குகின்றன. அதனால் உரு சுமார் 10 சதவீதம் சுருங்கும். மோதிரத்தை அந்தச் சுருக்கத்துக்கு ஏற்பப் பெரிதாகச் செய்யாவிட்டால் விரலில் ஏறாது.

ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கிளம்பிக் கொப்பளம் விடும். குறைவாகச் சுட்டது வெளியே பளபளக்கும், வளைத்தால் முறியும். கல் பதிக்காத உருவை 900 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுடுவதே நல்லது. 961 டிகிரியில் வெள்ளியே உருகிவிடும், கவனம்.

இலை நரம்பை அப்படியே பதிக்க இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் கொலுசு வளையத்துக்கும் கொக்கிக்கும் அடித்து இழுத்த கம்பிதான் வேண்டும். சுத்தியடி உலோகத்தை இறுக்கும். களிமண் வெள்ளியிலோ நுண்துளைகள் தங்கிவிடும், 999 (ஆயிரத்தில் 999 பங்கு) தூய வெள்ளி மென்மையும்கூட. செம்பு கலந்த 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) கம்பியை, பற்றவைக்க உதவும் வெங்காரம் தடவி, பற்றாசுப் பொடி வைத்து ஊதி ஒட்டும் பட்டறைப் பாடத்தையும் இவ்வகுப்புகளில் சேர்க்க வேண்டும்.

வாசகர், சேலம்.