கடலின் பேருயிர்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த மாதம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடலில் வாழும் மிகப் பெரிய விலங்குகளைப் பற்றிப் படிக்கிறார்கள். வீட்டிலும் இதே பேச்சாகத்தான் இருக்கும். அவர்கள் கேள்வி கேட்கும்போது நீங்களும் கூடவே உட்கார்ந்து பதில் தேட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

பாடத்தைத் தொடங்கிய அன்று மைதானத்தில் 30 மீட்டர் கயிற்றை நீட்டிப் போட்டோம். நீலத் திமிங்கலம் கிட்டத்தட்ட அந்த நீளத்துக்கு வளரும். எடை 150 டன்னையும் தாண்டலாம். பிறக்கும்போதே குட்டி சுமார் 7 மீட்டர் இருக்கும். தாய்ப்பால் குடித்து ஒரு நாளைக்குச் சுமார் 90 கிலோ எடை கூடும். கயிற்றின் ஓரமாக நடந்து போன பிள்ளைகள் பாதி வழியிலேயே கேட்ட கேள்வி: "இது எதைத் தின்னும்?"

அருமையான கேள்வி. இவ்வளவு பெரிய உடம்பு வளர்வது விரல் நீளம்கூட இல்லாத, இறாலைப் போன்ற கிரில் என்ற உயிரினத்தால். நீலத் திமிங்கலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையில் மயிர் நுனியுள்ள தகடுகள் வரிசையாகத் தொங்கும். கிரில் கூட்டத்துக்குள் வாயைத் திறந்தபடி பாயும். தொண்டை மடிப்புகள் விரிந்து டன் கணக்கில் தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் நாக்கால் அழுத்தித் தண்ணீரை வெளியே தள்ளும். கிரில் மட்டும் தகடுகளில் தங்கிவிடும். ஒரு நாளைக்குச் சில டன் கிரில் இப்படி உள்ளே போகிறது. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்குவதால்தான் அது இந்த அளவுக்கு வளர முடிகிறது. கரை ஒதுங்கிய பெரிய திமிங்கலம் தன் எடையாலேயே நசுங்கித் தவிப்பதும் அதனால்தான்.

மீன்களில் மிகப் பெரியது திமிங்கலச் சுறா. பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அதுவும் மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்பதுதான். பல்லுள்ள திமிங்கலங்களில் பெரியது எண்ணெய்த் திமிங்கலம். அது ஒரு கிலோமீட்டருக்கும் கீழே முங்கிப் போய்க் கணவாய்களை வேட்டையாடும். ஆழ்கடலில்தான் ராட்சதக் கணவாயும் வாழ்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் தென்கோளக் கடல்களில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டன. 1966-இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் அவற்றை வேட்டையாடத் தடை விதித்தது. எண்ணிக்கை மெல்லத்தான் கூடிவருகிறது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் வருத்தப்பட்டால், வருத்தப்படட்டும். பேச்சை மாற்றிவிடாமல் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஏன் கொன்றார்கள் என்று கேட்டால், சோப்புச் செய்யவும் வெண்ணெய்க்குப் பதிலான மார்கரின் செய்யவும் அந்த எண்ணெயைப் பயன்படுத்தினார்கள் என்று உள்ளதைச் சொல்லலாம்.

வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து ஒரு திமிங்கலக் காணொளியையும் ஒரு சுறாக் காணொளியையும் பாருங்கள். வால் எப்படி அசைகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சுறாவின் வால் பக்கவாட்டில் அசையும். திமிங்கலத்தின் வால் மேலும் கீழும் அசையும். ஏன் என்று நீங்கள் சொல்லிவிட வேண்டாம். பிள்ளைகள் தாங்களாக யோசித்ததை நோட்டில் எழுதி வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்