ஐஸ் பெட்டியைக் காலி செய்து கொடுத்த அண்ணனுக்கு

ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1, அந்த ஞாயிறு ராத்திரி ஊத்தங்கரையில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை என்ற கணக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. வீடும் வண்டியும் போனவர்கள் இருக்கிற ஊரில், எங்கள் ஆய்வுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் பதில் எழுதிக் கொடுத்து, வெள்ளத்தில் நனைந்த காகிதக் கட்டுகளுக்காக நன்றி மடல் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருப்பது அதைவிடக் கூச்சம்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. தண்ணீரிலிருந்து கட்டுகளைத் தூக்கிக் கொடுத்த தெருப் பையன்கள், நான்கு டேபிள் ஃபேனை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பி வைத்த பக்கத்து வீட்டு அக்காக்கள், வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர்கள், இரவு பகல் பாராமல் கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியர்கள், "ஆய்வேடு எங்கேயும் ஓடிவிடாது, முதலில் சாப்பிடுங்கள்" என்ற எங்கள் நெறியாளர். ஆளுக்கு ஒரு மடல் எழுத வேண்டியவர்கள். மன்னிக்க வேண்டும்.

இந்த மடல் மத்தூர் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் அண்ணனுக்கு.

"மழையில யாருங்க ஐஸ்கிரீம் சாப்பிடப் போறாங்க, வெய்ங்க" என்று பழைய ஐஸ் பெட்டியைக் காலி செய்து கொடுத்தார். இருந்த சரக்கைப் புதுப் பெட்டியில் நெருக்கி அடுக்கிக்கொண்டார். கரண்ட் போனபோது ஜெனரேட்டர் வயரை முதலில் இந்தப் பெட்டிக்குத்தான் கொடுத்தார் என்று கடைப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. டீசலுக்குப் பணம் நீட்டினால் கோபம் வருகிறது. பெட்டி மூடியில் அவரே எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: "பிள்ளைங்க பேப்பர். திறக்காதீங்க."

அந்த இடம் என்னத்தைக் காப்பாற்றியது என்று அவருக்கு முழுசாகத் தெரியாது. தெரிய வேண்டும். களப்பணிக்குப் போகும் மற்ற ஆய்வு மாணவர்களுக்கும் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

நனைந்த காகிதத்தில் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். பதினோரு கட்டுகளை அதற்குள் தாள் தாளாகக் காய வைக்க நான்கு கைகளால் ஆகாது. வெயிலும் இல்லை, இருந்தாலும் வெயிலில் போட்டால் தாள் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி வைத்தாலும் அதே கதி. உறைய வைத்தால் நேரம் நின்றுவிடுகிறது. பூஞ்சை சாகாது, வளராமல் கிடக்கும். அதன்பின் ஒவ்வொரு கட்டாக எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். ஐஸ்கிரீம் பெட்டியின் மைனஸ் 18 டிகிரி போதும்.

வைக்கும் முறை முக்கியம். ஈரக் கட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும்; ஈரத்தாள் தொட்டால் கிழியும். கட்டு மூன்று விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக பாலிதீனில் சுற்றினால்தான் கட்டுகள் சேர்ந்து ஒரே பாறையாக உறையாது. சேற்றுத் தண்ணீர் பட்டது என்பதால் மேலே இன்னொரு உறை. தின்பண்டம் இருக்கும் பெட்டியில் இதை வைக்கவே கூடாது. அண்ணன் தனிப் பெட்டி கொடுத்ததன் அருமை அங்கேதான்.

எடுக்கும்போது ஒரு நாளைக்கு ஒரே கட்டு. முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, அறை வெப்பத்தில் தானாக இளக விட வேண்டும். ஃபேன் காற்று தாள்மேல் நேராகப் படாமல் சுவரைப் பார்த்து இருக்கட்டும். தாளுக்குத் தாள் நடுவே வெள்ளைத் தாளோ பழைய பருத்தி வேட்டியோ வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தாளைப் பிரிக்க விரல் உதவாது. ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலட்டையாகப் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை ஈரத்தாளின்மேல் படிய வைத்து மெல்லத் தூக்கினால், தாள் அதில் ஒட்டிக்கொண்டே முழுசாக வந்துவிடும். ஒரு காலத்தில் ஓ.எச்.பி. (ஷீட்டில் எழுதியதைத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி) வைத்துப் பாடம் நடத்திய ஷீட் மாதிரிதான். அந்தத் தொழில்நுட்பம் வழக்கொழிந்தது என்று இலக்கிய மீளாய்வில், அதாவது முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதியில், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறோம். வாபஸ்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் எழுத்து வெப்பத்தில் உருகிப் பதிவது, தண்ணீருக்கு அசையவில்லை. பென்சிலும் சாதாரணப் பால்பாயின்ட்டும் தாங்கின. மைப் பேனாவும் சில ஜெல் பேனாக்களும் நீலக் குளமாகிவிட்டன. இனி பிள்ளைகளுக்குப் பென்சிலையும் பால்பாயின்ட்டையும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி.

இவ்வளவு பாடு ஒரு கட்டுக்காகவா என்று அண்ணன் கேட்டார். ஆமாம் அண்ணா, கணக்கு அப்படி. முழு வகுப்புகளாக எடுத்த மாதிரியில், ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரே ஆசிரியர், ஒரே ஸ்மார்ட் போர்டு. வகுப்புக்கு 30 பேர், உள்ளொப்புமை (பதில்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.2 என்று வைத்தால், வடிவமைப்பு விளைவு (மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்ற எண்) 1 + (30 − 1) × 0.2 = 6.8. அதாவது பத்து வகுப்பில் கேட்ட 300 பேர், தனித்தனியாகப் பொறுக்கியெடுத்த 44 பேருக்குச் சமம். பள்ளிக்கு ஒரு வகுப்பு என்று வைத்தால், இதில் ஒரு பள்ளியின் கட்டே போனால் போவது முப்பது தாள் அல்ல, பத்தில் ஒரு அலகு. பள்ளிவாரியாகக் கட்டி அடுக்கியதால் அடியில் இருந்த பள்ளிதான் அதிகம் நனைந்தது. அடுக்கும்போது ஒவ்வொரு பள்ளியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

அழிந்த பதில்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பிள்ளை பதில் எழுதாமல் விட்டதும், எழுதியதைத் தண்ணீர் அழித்ததும் வேறு வேறு. முன்னதற்கு மைனஸ் 99, பின்னதற்கு மைனஸ் 88 என்று தனிக் குறியீடு கொடுக்க வேண்டும். 1976-இல் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் எழுப்பிய கேள்வியே அதுதான்: பதில் ஏன் விடுபட்டது? கேள்வி பிடிக்காமல் விட்டது பதிலோடு தொடர்புடைய இழப்பாக இருக்கலாம். தண்ணீர் கேள்வியைப் பார்த்து அழிக்கவில்லை, ஆனால் பள்ளியைப் பார்த்து அழித்திருக்கிறது; அதைக் குருட்டாம்போக்கு இழப்பு என்று எழுதினால் பொய்யாகும். இந்த எண்கள் விடுபட்டவை என்று மென்பொருளில் அறிவிக்க மறந்தால் வேடிக்கை: 29 பேர் 4 என்று குறித்து ஒருவர் இடம் மைனஸ் 99 ஆனால், சராசரி 0.57 என்று வரும். விடுபட்ட இடத்தில் சராசரியைப் போட்டு நிரப்பும் பழக்கத்தையும் விட வேண்டும். அது தரவின் பரவலைச் சுருக்கி, இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

மங்கலான குறிகளை இருவர் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்காமல் படிக்க வேண்டும். தற்செயலான ஒற்றுமையைக் கழித்துப் பார்க்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா என்ற அளவு இருக்கிறது. இருவரும் ஒத்துப்போகாத குறி மைனஸ் 88-க்குப் போகும். ஊகித்து நிரப்பக் கூடாது. எத்தனை தாள் கொடுத்தோம், எத்தனை திரும்பியது, எத்தனை நனைந்தது, எத்தனை படிக்க முடிந்தது என்ற நான்கு எண்ணும் ஆய்வேட்டில் ஒரே இடத்தில் வரும்.

அண்ணன் ஒருநாள், "பிள்ளைங்க பேரெல்லாம் உள்ள இருக்குமே, யாராவது பார்த்தா?" என்று தயங்கினார். நெறிமுறைக் குழுவில் கேட்கவேண்டிய கேள்வி. தாள்களில் பெயர் இல்லை, ஒவ்வொரு பக்கத்திலும் குறியீட்டு எண் மட்டும்தான். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலும் பெற்றோர் ஒப்புதல் படிவங்களும் வேறு ஊரில் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருந்ததால்தான் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கழன்ற தாள்களையும் மறுபடி சேர்க்க முடிகிறது.

இனி ஒன்று உறுதி. தாள் வாங்கிய பள்ளியைவிட்டுக் கிளம்புமுன் அங்கேயே ஒவ்வொரு பக்கமும் கைப்பேசியில் படமாகும். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கம் சிக்னல் கிடைக்காது என்பது சாக்கு ஆகாது. படம் எடுக்க சிக்னல் எதற்கு?

அண்ணா, இன்னும் இரண்டு கட்டு உங்கள் பெட்டியில் இருக்கிறது. பொங்கலுக்குள் எடுத்துவிடுவோம். பெட்டியைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு நாள் திறந்து காய வைத்துத் தருவது எங்கள் வேலை. கடைப் பையனைக் கழுவ விட்டுவிடாதீர்கள், உள்ளே பூஞ்சை இருக்கும். மூடியில் ஒட்டிய அந்தச் சீட்டை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.